திரும்பி வரும் வழிக்குத் தண்ணீர்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை ஐந்து பேரும் சேர்ந்து எழுதினோம்; வாசிப்பவர் மட்டும் ஒருவர். ஆகவே இதில் 'நாங்கள்' என்றே வரும். எந்தப் பிழையை யார் விட்டார் என்பதை எங்கள் வகுப்புத் தோழிகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தவர்கள் தேநீர் நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

விழாக் குழுவினர் எங்களிடம் 'வெளிநாட்டு வாழ்க்கை அனுபவம்' பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பனியைப் பற்றியும் இரட்டை வேலையைப் பற்றியும் முன்பு பலர் நன்றாகப் பேசிவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதில், ஆளுக்கொரு பொதியை முதுகில் சுமந்துகொண்டு, அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் ஐந்து நாட்கள் நடந்ததைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு "பிள்ளைகளுக்குப் பிரயோசனமாய் இருக்குமோ?" என்று கேட்டார்கள். நடந்த கதையைவிட அதற்காக ஆயத்தம் செய்த கதை பிரயோசனமாக இருக்கும் என்று சொன்னோம். நடந்தது ஐந்து நாள். ஆயத்தம் செய்தது ஒன்றரை வருடம்.

எங்களுள் மூவர் ரொறன்ரோவில் இருக்கிறோம். ஒருவர் லண்டனில் புவியியல் படிப்பிக்கிறார். ஒருவர் கலிபோர்னியாவில் கணினித் துறையில் இருக்கிறார். ரொறன்ரோ மூவருள் ஒருவர் மருத்துவத் தாதி, ஒருவர் கணக்காளர். மூன்றாமவர் 1984இல் இந்தக் கல்லூரியின் விளையாட்டுத்துறைத் தலைவியாக இருந்தவர். இனி அவரைத் தலைவி என்றே சொல்லுவோம். அவர் இன்னும் அந்தப் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை.

தொடங்கியது அவருடைய குளிர்சாதனப் பெட்டியில். அதன் கதவில் ஒரு நாட்காட்டிப் படம் ஒட்டியிருந்தார். சிவந்த பாறை இடுக்கு ஒன்றினூடாக வந்து, கொலராடோ ஆற்றங்கரையில் ஐம்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் டியர் கிறீக் நீர்வீழ்ச்சி. "இதுக்குக் கீழை நிண்டு நனையவேணும்" என்று அவர் சொன்னபோது, சும்மா சொல்லுகிறார் என்று நினைத்தோம். அடுத்த கிழமையே வட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டாகிவிட்டது.

பள்ளத்தாக்குப் பயணத்தின் முதற் பாடத்தை விளங்கப்படுத்த நமது சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் ஏறுகிறோம். மூச்சு வாங்கினால் இருந்துவிடலாம், ஏலாவிட்டால் திரும்பலாம். திரும்பும் வழி இறக்கம். கஷ்டம் முன்னாலும் சுகம் பின்னாலும் வருகின்றன. பள்ளத்தாக்கில் இது தலைகீழ். முதலில் இறங்குகிறோம். காலை நேரம், குளிர் காற்று, புதிய சப்பாத்து, நல்ல கதை. கால்கள் தாமாகவே போகும். களைப்புத் தெரியும் நேரத்தில் நாம் அடியில் நிற்போம். வீடு தலைக்கு மேலே இருக்கும். அங்கிருந்து 1,500 மீற்றருக்கு மேல் ஏறினால்தான் வாகனம் நிற்கும் இடம் வரும்.

வெயிலும் தலைகீழ்தான். ஒவ்வொரு 300 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ மூன்று பாகை செல்சியஸ் வெப்பம் கூடும். விளிம்பில் ஸ்வெற்றர் போட்டிருப்பவருக்கு அடியில் நம்மூர்ச் சித்திரை வெயில். கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். யூலை முதல் செப்ரெம்பர் வரை திடீர் மழையும், அதனால் வரும் வெள்ளமும் ஆபத்து. விளிம்புக்குச் செல்லும் காட்டுப் பாதைகளைப் பனிக்காலத்தில் பனி மூடிவிடும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் வருடத்தில் சில கிழமைகளே மிஞ்சும். நாங்கள் ஒக்ரோபர் முதல் வாரத்தைத் தெரிந்தெடுத்தோம்.

பெரும்பாலானோர் கிராண்ட் கன்யன் என்று பார்க்கும் இடம் தெற்கு விளிம்பு. அங்கே பஸ், கடை, கூட்டம் எல்லாம் உண்டு. டியர் கிறீக் இருப்பது வடக்குப் பக்கத்தில். லாஸ் வேகாஸ் வரை விமானத்தில் போய், அங்கே உயரமான வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, யூற்றா மாநிலத்தைத் தொட்டு, அரிசோனாவுக்குள் இறங்கி, பின்னர் மணித்தியாலக் கணக்காகக் காட்டு மண்பாதையில் போகவேண்டும். ஒரு வேடிக்கை சொல்லுகிறோம். யூற்றாவின் கனாப் ஊருக்கும் அரிசோனாவின் பிரெடோனியா ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் கோடைகால நேரமாற்றத்தை ஒரு மாநிலம் கைக்கொள்ளுகிறது, மற்றது கைக்கொள்ளுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம். விடிய நாலு மணிக்கு எழும்பத் திட்டமிடுபவர்கள் யாருடைய நாலு மணி என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

அந்தப் பாதையில் நினைத்தவுடன் போய் இரவு தங்க முடியாது. தேசியப் பூங்கா அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆறு பேர் வரை சிறு குழு. ஏழு முதல் பதினொரு பேர் வரை பெரிய குழு. எந்த இரவு எந்த இடத்தில் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்கவேண்டும். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. முதல் தடவை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போது கவலைப்பட்டோம். இப்போது நினைத்தால் அந்த வருடம் போயிருந்தால் எங்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள்.

கிடைத்த பத்திரத்தில் இருந்த திட்டம் இது. முதல் நாள் பில் ஹோல் பாதையால் இறங்கி, எஸ்பிளனேட் என்ற சிவந்த பாறைத் திட்டில் இரவு. அங்கே தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் பெரிய செம்பாறைச் சுவர் ஒன்றால் இறங்கி, சர்ப்றைஸ் வலி என்ற வெட்டவெளியைக் கடந்து, தண்டர் றிவர் ஊற்றடிக்குப் போய், தப்பீற்ஸ் ஓடைக்கரையில் இரவு. (சர்ப்றைஸ் வலியில் உள்ள 'வலி' ஆங்கிலச் சொல்தான். ஆனால் தமிழ்ப் பொருளும் பிழையில்லை.) மூன்றாம் நாள் கொலராடோ ஆற்றங்கரையோரமாகக் கற்குவியல்கள் மேல் ஏறி இறங்கி, ஓரிடத்தில் கையாலும் காலாலும் பற்றிச் செங்குத்தாக இறங்கி, டியர் கிறீக்கில் இரவு. நாலாம் நாள் மீண்டும் எஸ்பிளனேட். ஐந்தாம் நாள் விளிம்பு. எல்லாமாக 40 கிலோமீற்றர் அளவில் வரும்.

இனிப் பயிற்சி. ரொறன்ரோவில் மலை இல்லை. மாடிக் கட்டடங்கள் உண்டு. இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் கணக்காளர் வசிக்கிறார். இருபது இறாத்தல் அரிசிப் பையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, மேலே லிவ்ற்றில் போய், கீழே படியால் இறங்கினோம். ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவது முழங்காலைச் சோதிக்கும். பள்ளத்தாக்கு முதலில் கேட்பது முழங்காலை. மூன்றாம் மாதத்தில் அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் எங்களுக்கு 'அரிசி அன்ரிமார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லண்டன் தோழி கொவன்ற் கார்டன் நிலக்கீழ் ரயில் நிலையத்தின் 193 படிகளையும் கிழமைக்கு மூன்று தரம் ஏறி இறங்கினார். அவருடைய மாணவர் ஒருவர் கண்டுவிட்டு, "மிஸ், லிவ்ற் வேலை செய்கிறதே" என்று இரக்கப்பட்டாராம்.

சாப்பாட்டில்தான் நாங்கள் மற்ற எல்லா நடையாளரையும் வென்றோம் என்று பெருமையாகச் சொல்லுவோம். மலையேறுபவர்களுக்கென்று கடையில் விற்கும் பொதிகளின் விலையைப் பார்த்துவிட்டுக் கணக்காளர் தலையில் கை வைத்தார். பாரம் குறைந்த, கெட்டுப்போகாத, தெம்பு தரும் சாப்பாடு என்ன என்று யோசித்தால் நம்முடைய ஆச்சிமார் எப்போதோ விடை கண்டிருக்கிறார்கள். புழுக்கொடியல், பினாட்டு, பொரிவிளாங்காய், பருத்தித்துறை வடை, மோர்மிளகாய். இடியப்பத்தை அவித்து உலர்த்தி எடுத்துப்போனோம். கொதிநீரில் ஐந்து நிமிடத்தில் பழையபடி இடியப்பமாகிவிடும். அங்கே விறகு மூட்டத் தடை. ஆகவே சிறு எரிவாயு அடுப்பு ஒன்று. மோர்மிளகாயைப் பற்றிப் பிறகும் சொல்ல இருக்கிறது; அது ஓர் ஆளைக் காப்பாற்றியது.

நாகரிகத்துக்காக மறைக்காமல் இன்னொன்றும் சொல்லவேண்டும். மலசலம் கழிப்பது நீர்நிலையிலிருந்து 60 மீற்றர் தள்ளி, குழி தோண்டி. பாவித்த கடதாசி அங்கே விடப்படாது. பையில் கட்டி வெளியே கொண்டுவரவேண்டும். இதைக் கேட்டதும் குழுவில் சேர இருந்த ஆறாவது தோழி விலகிக்கொண்டார். அவரும் இங்கே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம்.

தண்ணீருக்கு வருகிறோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. வாய்ப்பாடு அவ்வளவுதான், ஆனால் முழுத் திட்டமும் அதில்தான் தொங்கியது. இரண்டாம் நாள் ஊற்றடிக்குப் போய்ச் சேரும் வரை ஆளுக்கு நாலு லீற்றர் வேண்டும். திரும்பும்போது எஸ்பிளனேட்டில் ஒரு வறண்ட இரவும் கடைசி ஏற்றமும் உண்டு. அதற்கு அடியிலிருந்தே முழுவதையும் தூக்கி ஏறுவது கடினம். ஆகவே அங்கே நடப்பவர்கள் செய்வதுபோல, இறங்கும்போதே எஸ்பிளனேட்டில் ஒரு பாறையடியில் தண்ணீரை ஒளித்துவைத்துவிட்டுப் போகத் தீர்மானித்தோம். மூன்று நாளுக்குப் பிறகு, களைத்து வரப்போகும் எங்களுக்காக நாங்களே வைக்கும் தண்ணீர். ஆளுக்கு இரண்டு லீற்றர்ப் போத்தல் ஒன்று, எல்லாமாக ஐந்து. "ஆறாக்குவம்" என்றார் தாதி. உலையில் அரிசி போடும்போது யாராவது வந்தால் என்று ஒரு பிடி கூடப் போடுவோமே, அந்த வழக்கம். இரண்டு கிலோ வீண் என்று கலிபோர்னியாத் தோழி கணக்குக் காட்டினார். வாக்கெடுப்பில் தோற்றார்.

பொதிகளை நிறுத்த இரவை மறக்கமாட்டோம். கணக்காளர் வீட்டுக் குசினித் தராசு மேசை நடுவில் இருந்தது. மற்ற இருவரும் காணொளியில். ஒவ்வொரு பொருளாக நிறுத்தோம். கல்லூரிக் கொடி 180 கிராம். "கொடி இல்லாமல் படமோ?" என்று தலைவி வாதாடினார். இரண்டாவது கரண்டி போனது. சீப்பு ஐந்து பேருக்கும் ஒன்று. எல்லாமாக 72 கிலோ வந்தது. ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 14.4. உடல் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று நாங்களே எழுதிய விதி முதல் நாளே உடைந்தது. அன்று இறக்கம்தானே, நாலு கிலோமீற்றர்தானே என்று எங்களுக்கு நாங்களே விலக்கு அளித்தோம்.

அப்போது கணக்காளர் தராசைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். பிறகு, "அண்டைக்கு ஒரு கிழமைக்கு முன்னம் ஆரும் சொல்லியிருந்தால்..." என்றார். காணொளியில் லண்டன் தோழியும் தலையைக் குனிந்துகொண்டார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் எங்களுள் அந்த இருவரும்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் பொதி கட்டினார்கள். காணி உறுதி, கலியாண அல்பம், பிள்ளையின் பால்மா, இந்தக் கல்லூரி தந்த விடுகைப் பத்திரம். அல்பம் மட்டும் இரண்டு கிலோ இருந்திருக்கும். தண்ணீர் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் அசைய முடியாமல், கொட்டும் மழையில், தாகத்தோடு நின்றார்கள். குடையை மறுபக்கம் திருப்பிப் பிடித்து ஏந்திய மழைத் தண்ணீரைப் பிள்ளைக்குப் பருக்கினார்கள். அந்த இரவில் இங்கே இருக்கும் பலரும் நடந்தீர்கள். அதற்கு மேல் நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் 'இவ்வளவு ஆயத்தம் தேவையோ' என்ற முணுமுணுப்பு நின்றுவிட்டது. கரண்டியை நிறுத்துப் பார்ப்பதற்கு நேரம் கிடைத்ததே பெரிய காரியமாகத் தெரிந்தது.

அடுத்து, எங்கள் சண்டை. இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஐவரும் யோசித்தோம். தலைவிதான் சொல்லச் சொன்னார்.

திட்டத்தின் தொடக்கத்திலேயே தாதி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தமது உடம்பைப் பற்றி ஒரு பக்கம் உண்மையாக எழுதி, மற்றவர்களுக்கு வாசிக்க வேண்டும். பிறஷர் குளிசை, சீனி வருத்தம், மாதவிடாய் நின்றபின் வரும் உடற்சூடு, எல்லாம். சலம் போகச் செய்யும் பிறஷர் குளிசை எடுப்பவர் கடும் வெயிலில் எளிதாக நீர் வற்றிப்போவார். அதை வைத்தியரோடு பேசி ஒழுங்கு செய்யவேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் வெளிவந்தது. தலைவி வாசித்த பக்கத்தில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒன்ராறியோவின் புறூஸ் நடைபாதையில் முழுப் பாரத்தோடு இரண்டு நாள் ஒத்திகை. மரப்படிகளில் தலைவி பக்கவாட்டாக, கைபிடியில் தொங்கியபடி இறங்குவதைத் தாதி பின்னாலிருந்து கண்டுவிட்டார். அன்றிரவு கேட்டபோது உண்மை வந்தது. வலது முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது, இரண்டு தடவை ஊசி போட்டிருக்கிறார், நாலு மாதமாக.

"ஏனடி எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு பயந்தன்."

"இது நெற்போல் மட்ச் இல்லையடி. பாதியிலை ஆளை மாத்தேலாது."

"எண்டால் நீங்கள் நாலு பேரும் போங்கோ. எனக்காக நிப்பாட்டாதேங்கோ."

மூன்று இரவுகள் தொலைபேசியில் பேசினோம். சில வார்த்தைகள் இங்கே சொல்லத் தக்கவையல்ல. கலிபோர்னியாத் தோழி லீவு போட்டு, பணம் கட்டி, பத்துக் கிலோ நிறை குறைத்திருந்தார். நாலு பேர் முழுப் பாதையையும் நடக்கலாம், அல்லது குழு இரண்டாகப் பிரியலாம் என்றார். அது நியாயமற்ற யோசனை என்று நாங்கள் இப்போதும் சொல்லமாட்டோம்.

அப்போது லண்டன் தோழி ஒரு சரித்திரம் சொன்னார். 1869இல் ஜோன் வெஸ்லி பவல் என்ற, ஒரு கையை யுத்தத்தில் இழந்தவர், பத்துப் பேராக நாலு படகில் இந்த ஆற்றால் வந்தார். பத்து மாதத்துக்கென்று கொண்டுவந்த உணவில் பெரும்பகுதி படகு உடைந்தும் நனைந்தும் பழுதாகிப் போனது. ஒருவர் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். ஓகஸ்ட் 28ஆம் திகதி, இனித் தாங்காது என்று மூன்று பேர் குழுவைப் பிரிந்து கரையேறிப் போனார்கள். மிஞ்சிய ஆறு பேரும் மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்து வெளியே வந்துவிட்டார்கள். ஏறிப் போன மூவரும் திரும்பி வரவேயில்லை. "ஒரு நாளடி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தலைவியின் வைத்தியர் முழங்காலுக்குப் பட்டியும் இரண்டு கைத்தடிகளும் தந்து, பாரத்தைக் குறைத்து மெதுவாகப் பாதையால் நடக்கலாம், கற்குவியல்கள் மேல் ஏறி இறங்குவது மட்டும் கூடாது என்றார். அப்படியென்றால் டியர் கிறீக் இல்லை. அந்தப் படம்தான் எல்லாவற்றையும் தொடக்கிவைத்தது; அதை வெட்டியதும் அவரே. மூன்றாம் இரவை டியர் கிறீக்கிலிருந்து தப்பீற்ஸ் ஓடைக்கரைக்கு மாற்றும்படி பூங்கா அலுவலகத்துக்கு எழுதினோம், சம்மதித்தார்கள். பத்திரத்தில் மாறியது ஒரே வரி. தலைவிக்கு 9 கிலோ, மற்ற நால்வருக்கும் 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று கணக்காளர் புதிய அட்டவணை அனுப்பினார். கொடி அட்டவணையில் தப்பியிருந்தது.

நான்கு விதிகளை எழுதி ஐவரும் ஒப்பமிட்டோம். யாரும் தனியே நடப்பதில்லை. மெதுவாக நடப்பவர் முன்னால் நடப்பார். யாராவது 'திரும்புவோம்' என்றால் திரும்புவது. ஏன் என்ற கேள்வி கூடாரத்தில்தான். ஒவ்வொரு இரவும் செய்மதிக் கருவியால் ரொறன்ரோவில் கணக்காளரின் மகளுக்குச் செய்தி போகும். வராவிட்டால் எத்தனை மணிக்கு யாருக்கு அறிவிப்பது என்று அவளிடம் எழுத்தில் இருந்தது. அங்கே தொலைபேசி வேலை செய்யாது.

பாதையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதல் நாள் நன்றாகப் போனது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தோம். வெட்டாவிட்டால் இறக்கத்தில் சப்பாத்து நுனியில் இடித்து நகம் கறுத்துவிடும். லண்டன் தோழி காலடியில் இருந்த பாறை 270 மில்லியன் ஆண்டு பழையது என்று தொடங்கி, இறங்க இறங்கக் காலம் பின்னால் போவதை விளங்கப்படுத்தினார். அவர் மூச்சு வாங்காமல் பேசியது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு போத்தல்களையும் பெயர், திகதி எழுதிப் பாறையடியில் வைத்தோம்.

இரண்டாம் நாள் பிழை விட்டோம். விடியமுன் புறப்படத் திட்டம். ஆனால் சூரியன் எழும்பும்போது அந்தச் சிவந்த பாறைகளின் நிறம் மாறுவதைப் பார்த்ததும் கொடியை விரித்துப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டோம். யார் நடுவில், கொடி நேராக இருக்கிறதா, இன்னொன்று எடு. ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அந்தப் படம் இந்த மலரின் பின்பக்கத்தில் இருக்கிறது. பார்க்கும்போது அதன் விலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். சர்ப்றைஸ் வலிக்கு இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுற்றிவரப் பாறைச் சுவர்கள், காற்று இல்லை, அடுப்படிபோலச் சூடு. எங்களுள் மிகப் பலமானவர் கலிபோர்னியாத் தோழி. அவருக்குத் தலையிடி, பிறகு சத்தி, பிறகு கதை தடுமாறியது. காலையிலிருந்து சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வியர்வையோடு உப்புப் போக, வெறும் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புச் செறிவு குறைந்துபோகும். அது நீர் வற்றுவதைப் போலவே ஆபத்து. அப்போது இன்னும் தண்ணீர் கொடுப்பது கேடு. தாதிக்கு அது தெரிந்திருந்தது. ஒரு பெரிய பாறையின் துண்டு நிழலில் படுத்தி, தண்ணீரை நிறுத்தி, மோர்மிளகாயையும் வடையையும் சிறிது சிறிதாகச் சாப்பிடக் கொடுத்தார். பின்னேரம் நாலு மணி வரை அங்கேயே இருந்தோம். செய்மதிக் கருவியின் உதவிப் பொத்தானைத் தாதி மடியிலேயே வைத்திருந்தார். மூன்று மணிக்கு, "எனக்கு இன்னொரு வடை வேணும்" என்று குரல் வந்தது. தாதி அழுதுவிட்டார்.

முதலில் போட்ட திட்டம் இருந்திருந்தால் அவர் மறுநாளே கற்குவியல்களில் ஏறியிருக்க வேண்டும். மாறிய திட்டத்தில் மறுநாள் ஓடைக்கரையில் ஓய்வு. இதை அவரே எங்களுக்குச் சொன்னார், நாங்கள் சொல்லவில்லை.

தண்டர் றிவரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. வறண்ட மலைச் சுவரின் நடுவில், ஒரு துவாரத்திலிருந்து ஆறு ஒன்று இடிமுழக்கத்தோடு பாய்கிறது. கீழே பச்சை மரங்கள். ஒரு கிலோமீற்றர்கூட ஓடாது. செங்குத்தாக இறங்கித் தப்பீற்ஸ் ஓடையில் கலந்துவிடுகிறது. ஓடை ஆற்றில் கலப்பதை எங்கள் புவியியல் ரீச்சர் படிப்பித்தார். ஆறு ஓடையில் கலப்பதை அங்கேதான் கண்டோம். அந்த ஓய்வு நாளில் தாவரவியல் படித்த தாதி இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1938இல் எல்சாடா குளோவர், லொயிஸ் ஜொற்றர் என்ற இரண்டு தாவரவியலாளர் படகில் இந்த ஆற்றால் வந்து செடிகளைச் சேகரித்தார்கள். கிராண்ட் கன்யனை ஆற்றுவழியே கடந்ததாக அறியப்பட்ட முதற் பெண்கள் அவர்கள். கள்ளிகளை உலர்த்துவதற்கான கடதாசிகளையும் அவர்கள் படகில் ஏற்றி வந்திருப்பார்களே, அதை யார் நிறுத்தார்கள் என்று கணக்காளர் கேட்டார்.

திரும்பும் நாள் விடிய மூன்று மணிக்கு, நெற்றி விளக்குகளோடு ஏறத் தொடங்கினோம். தலைவி முன்னால். தடி, கால், தடி, கால். ஒருவரும் அவரை முந்தவில்லை. சர்ப்றைஸ் வலியில் பாதை பிரியும் இடத்தில் டியர் கிறீக் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதை விளக்கொளியில் தெரிந்தது. அவர் சற்று நின்று பார்த்தார். "சரி, நடவுங்கோ" என்றார். வெயில் ஏறமுன் செம்பாறைச் சுவரையும் ஏறி எஸ்பிளனேட்டுக்கு வந்துவிட்டோம்.

பாறையடியில் போத்தல்கள் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் மூடி வெடித்து வெறுமையாகக் கிடந்தது. கலிபோர்னியாத் தோழி குனிந்து ஆறாவது போத்தலை எடுத்து, ஒன்றும் பேசாமல் தாதியின் கையில் கொடுத்தார். மறுநாள் பகல் பதினொன்றரைக்கு விளிம்பில் நின்றோம். வாகனத்தின் ஒரு சில்லில் காற்று இறங்கியிருந்தது. அதைக் கழற்றி மாற்றிய கதை வேறு.

தலைவிக்குப் போன மாரியில் முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது லிவ்ற்றில் ஏறிப் படியால் இறங்குகிறார், அரிசி இல்லாமல். டியர் கிறீக்குக்கு அடுத்த விண்ணப்பம் போட ஆயத்தமாகிறோம். இந்த முறை அவர் எழுதிய உடம்புப் பக்கம் மூன்று பக்கம். சிறு குழுவில் ஆறு பேர் போகலாம். ஐந்து பெயர்கள் எழுதியாகிவிட்டன. தேநீர் நேரத்தில் அவர் மண்டப வாசலில் விண்ணப்பத்தோடு நிற்பார். சின்னத் தராசு ஒன்றும் கையில் வைத்திருப்பார்.